அறுநூற்று நாற்பது கிலோ வீடு

தவமணிக்கு வந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தில் வீட்டின் சதுர அடி ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது எடை. 'வீட்டு எண் 9-இ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 640 கிலோ.'

"இன்னா தவம் இது, லாரிக்கு எழுதுற மாதிரி எழுதியிருக்கான்?" என்றான் அவள் கணவன் ஏகாம்பரம்.

"எழுதினா எழுதட்டும். சிமெண்ட் சுவரு, தனி கக்கூஸு. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றாள் தவமணி.

ஓட்டேரி நல்லா கால்வாய்க் கரையில் அவர்களுடைய குடிசை இருந்த இடத்தில் அப்போது வெறும் மண்மேடுதான் இருந்தது. பொக்லைன் வந்து இடித்துவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

புது வீடு இருந்த கட்டடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஓரத்தில், பதினான்கு மாடி. ஒரு காலத்தில் நாலாயிரம் பேர் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வேலை பார்த்த கணினி நிறுவனம். அந்த வேலைகளை எல்லாம் இயந்திரங்களே பார்க்கத் தொடங்கியதும் ஆட்கள் போனார்கள், பிறகு நிறுவனமும் போனது. கண்ணாடி உடைந்து, புறா அடைந்து, பதினோரு வருடம் பூட்டிக் கிடந்தது கட்டடம். நகரத்தில் அப்படிக் கிடந்த கட்டடங்கள் ஏராளம். அரசாங்கம் எடுத்துக் கொடுக்க, அவற்றை ஏழைகளுக்கு வீடுகளாக மாற்றித் தர முன்வந்தது 'நிழற்கூடு' என்ற நிறுவனம். அம்பத்தூர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து பதினோராவது வரை நூற்று நாற்பத்து நான்கு குடும்பங்கள் வந்தன. அதற்கு மேலே இருந்த மூன்று மாடிகள் பலவீனமானவை, பூட்டியிருக்கும் என்றார்கள்.

சாவி கொடுத்த அன்று நிழற்கூட்டின் பொறியாளர் ஃபர்ஸானா எல்லாரையும் கீழ்த்தளத்தில் உட்கார வைத்து விளக்கினாள். முப்பது வயது இருக்கும். பொறுமையாகப் பேசினாள்.

"பதினோரு வருஷம் மழையும் வெயிலும் தின்ன கட்டடம் இது. உள்ள இருக்கிற கம்பியில துரு ஏறியிருக்கு. எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட்டுத்தான் வீட்டுக்கு இத்தனை கிலோன்னு பிரிச்சிருக்கோம். தரைக்குள்ள எடை பார்க்குற கருவி பதிச்சிருக்கு. சாமான், ஆளு, தண்ணி, எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. வாசல்ல ஒரு தகடு இருக்கும். அதுல ஏறி நின்னா, உள்ள இருக்கிற எடையோட உங்க எடையையும் கூட்டிப் பார்க்கும். பச்சை எரிஞ்சா கதவு திறக்கும். மஞ்சள்னா எல்லையை நெருங்கிட்டீங்க. சிவப்பு எரிஞ்சா திறக்காது."

"உள்ள இருந்து யாராச்சும் திறந்துவுட்டா?" என்று கேட்டார் ஒருவர்.

"திறக்கலாம். ஆனா சிவப்புல உள்ள கால் வெச்சா அது ஒரு மீறல். மூணு மீறல் ஆனா ஒதுக்கீடு ரத்து. இது உங்க பாதுகாப்புக்குத்தான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தபோது அதை அடக்கியதே தவமணிதான். அவள் தொழிற்பேட்டை மெயின் ரோட்டில் ஓர் எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரி ஏறி நிற்கும், அவள் திரையைப் பார்த்து எடையைப் பதிந்து சீட்டு அடித்துக் கொடுப்பாள். சரக்கோடு ஓர் எடை, இறக்கிவிட்டு வரும்போது ஓர் எடை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. அளவுக்கு மேல் ஏற்றிய லாரி பாலத்தில் அச்சு முறிந்து கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"எடைன்னா எடைதாம்பா. அதுகிட்ட போய் சண்டை போட முடியுமா? மேல இருக்கிறது நம்ம தலையிலதான் வுழும்" என்றாள்.

அப்படித்தான் கிலோவில் வாழப் பழகினார்கள். கட்டடத்துக்கே 'தராசு' என்று பேர் வைத்தார்கள். எதிர்வீட்டு அந்தோணியம்மாள் தையல் மெஷினை விற்றாள், இருபத்தெட்டு கிலோ. கல் ஆட்டுரல் எதுவும் மாடி ஏறவில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்தார்கள் பிள்ளைகள். நாலாம் மாடியில் ஒரு குடும்பம் பெரியவரைச் செய்யாற்றுக்கு அனுப்பிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு அவர் மகன், "அம்பத்தோரு கிலோக்கா" என்று மட்டும் சொன்னான்.

தவமணி ஐம்பத்தெட்டு கிலோ. ஏகாம்பரம் எழுபத்தொன்று. அவர்கள் மகள் அல்லிக்குப் பன்னிரண்டு வயது, முப்பத்தாறு கிலோ. மிச்சத்தில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், அரிசி, பாத்திரம். எல்லாவற்றையும்விடக் கனத்தது தண்ணீர். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். ஒரு குடம் பதினைந்து கிலோ. மூன்று பேர் மூன்று நாள் குடித்து, சமைத்து, குளித்து, துவைக்க எத்தனை குடம் வேண்டுமென்று மெட்ராஸில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏகாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் குழாயில் குளித்துவிட்டு வர ஆரம்பித்தான்.

அந்தக் கோடையில்தான் தவமணியின் தங்கை கோமளா பிரசவத்துக்கு வந்தாள். அவள் கணவன் மஸ்கட்டில் கொத்தனார். அப்பா அம்மா இல்லை. அக்கா வீடுதான் தாய்வீடு. ஒரு கையில் பையும் ஒரு கையில் வயிறுமாக அவள் வாசல் தகட்டில் ஏறி நின்றாள். சிவப்பு எரிந்தது.

"நான் இன்னா யானையாக்கா?" என்று சிரித்தாள் கோமளா.

"கொஞ்ச நேரம் படிக்கட்டுல உக்காருடி" என்றாள் தவமணி.

அன்று பீரோ போனது. அடுத்த வாரம் கட்டில் போனது. வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். அதற்கு முன்பே கணக்கில் இரண்டு மீறல்கள் ஏறியிருந்தன. ஒன்று, ஏகாம்பரத்தின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற நாள். இன்னொன்று, ரேஷன் அரிசியை மொத்தமாக வாங்கி வந்த நாள்.

கோமளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. நான்காம் நாள் நண்பகலில் ஏகாம்பரத்தின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. வீட்டில் தனியாக இருந்த அல்லி, சித்திக்கும் பாப்பாவுக்கும் வேண்டுமே என்று இருக்கிற குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள்.

முதலில் தவமணி உள்ளே போனாள், மஞ்சள். பிறகு ஏகாம்பரம், மஞ்சள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோமளா ஏறி நின்றாள். சிவப்பு. தகட்டுக்கு மேலே இருந்த சின்னத் திரையில் எழுத்து ஓடியது: 'மிகை 44 கிலோ.'

"நான் வெளிய வந்துடறேன், அது உள்ள வரட்டும்" என்றான் ஏகாம்பரம்.

"அப்புறம் நீ எங்க போவ? எப்ப வருவ?" என்றாள் தவமணி. "அல்லி, மூணு குடத்த ஊத்து."

"எதுலம்மா?"

"கக்கூஸ்ல ஊத்து."

அல்லி அசையவில்லை. "அம்மா, காலையிலேர்ந்து நின்னு புடிச்சேம்மா. எதிர்வூட்ல குடுக்கலாம்மா."

எதிர்வீட்டு வாசலில் அந்தோணியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கதவிலும் மஞ்சள் எரிந்தது. அந்த வரிசை முழுக்க மஞ்சள்தான். எல்லார் வீட்டுக்கும் அன்றுதானே தண்ணீர் வந்தது. தாழ்வாரத்தில் வைத்தால் அதுவும் மாடியின் கணக்கில் சேரும், எல்லா வீட்டுக்கும் சிவப்பு எரியும்.

"குடிச்சிடலாமா ஆளுக்கு ரெண்டு சொம்பு?" என்றான் ஏகாம்பரம், வேடிக்கையாகச் சொல்வதுபோல.

"குடிச்சா எங்க போவும் மாமா? அதே எடைதான்" என்றாள் கோமளா. தையல் போட்ட வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அல்லி ஊற்றினாள். முதல் குடம் ஊற்றும்போது சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. ஒவ்வொரு கதவிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். மூன்று நாள் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த ஜனங்கள் அது குழிக்குள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது குடம் தீர்ந்தபோது மஞ்சள் எரிந்தது. கோமளா உள்ளே வந்தாள்.

பிள்ளை பெற்றவள் வீட்டுக்குள் வர, ஆரத்தி எடுக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் தண்ணீரைக் கொட்டினார்கள். தவமணிக்கு அன்று முதல் உள்ளுக்குள் ஏதோ காந்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. துருப்பிடித்த கம்பிமேலா?

ஒரு மாதம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் வந்து குழந்தையை எடை பார்த்தார். "சபாஷ், ஒரு கிலோ ஏறியிருக்கே! நல்லாப் பால் குடிக்கிறா" என்று கன்னத்தைத் தட்டினார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தவமணியின் கண் அவளையும் அறியாமல் வீட்டைச் சுற்றியது. மூலையில் கிடந்த பழைய இரும்பு வாணலியைத் தூக்கிப்போட்டால் ஒரு கிலோ குறையும். அப்போது அல்லி அவள் காதருகே வந்து சொன்னாள்:

"கவலப்படாதம்மா. பாப்பாவுக்கு இடம் இருக்கு. நான் ரெண்டர கிலோ குறைச்சிட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"மத்தியானம் சாப்புடுறது இல்ல. எங்க கிளாஸ்ல நம்ம தராசுப் பசங்க ஏழு பேரும் அப்படித்தான்."

தவமணி மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு ஊட்டினாள். அல்லி அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் ஊட்டுவது? நான்காம் நாள் எடைமேடைக்குப் போன் வந்தது. அல்லி பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள்.

தவமணி பாதி வேலையில் ஓடிப்போய் மகளை அழைத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்குக் கட்டடத்துக்கு வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. வெயிலுக்குப் பயந்து பின்பக்கச் சந்து வழியாக வந்தவள், பின்கேட்டில் நின்ற லாரியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

நீலக் கேபின், பன்னிரண்டு சக்கரம். அன்று காலை ஏழரைக்கு அவள் கையால் எடை போட்ட வண்டி. சரக்குப் பதினாறு டன். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பெரிய பேட்டரி அடுக்குகள் என்று சீட்டில் அடித்திருந்தாள். இப்போது அதன் பின்கதவு திறந்திருந்தது. ஆளுயர இரும்பு அலமாரிகளைச் சின்ன கிரேன் ஒன்று தூக்கி, சரக்கு லிஃப்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தது. பாதி சரக்கு இறங்கியதில் வண்டியின் ஸ்பிரிங் நிமிர்ந்திருந்தது.

டிரைவர் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னா யக்கா, நீ இங்க?"

"என் வூடு இங்கதான். சரக்கு எங்க போவுதுண்ணா?"

"மேல. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. ஒரு வருஷத்துக்கு மேல வந்துக்கினுதான இருக்கோம். பாதி ஊருக்குக் கரண்டு பத்தலன்னா இங்கேர்ந்துதான் தள்றாங்களாம். நல்ல வியாபாரம்."

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். பலவீனமானவை, காலியானவை என்று சொன்ன மூன்று மாடிகளின் கண்ணாடிகளுக்கும் உள்ளிருந்து கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது.

அல்லியைக் கோமளாவிடம் விட்டுவிட்டு அவள் எடைமேடைக்கே திரும்பிப் போனாள். கணினியில் அந்தப் போக்குவரத்துக் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினாள். பதினாலு மாதத்தில் முப்பத்தாறு லாரி. எல்லாம் அவளும் அவளோடு வேலை பார்ப்பவர்களும் அடித்த சீட்டுகள். காலையில் சரக்கோடு, மதியம் வெறும் வண்டியாக. கூட்டிப் பார்த்தாள். ஐந்நூற்று எழுபத்தாறு டன்.

பிறகு ஒரு துண்டுத்தாளில் நூற்று நாற்பத்து நான்கை அறுநூற்று நாற்பதால் பெருக்கினாள். தொண்ணூற்றிரண்டு டன். ஆள், பீரோ, அரிசி, தண்ணீர், வயிற்றுப்பிள்ளை எல்லாம் சேர்த்து.

தரைக்குள் இருந்த எடைக்கருவியை மாதம் ஒருமுறை சோதிக்க ஃபர்ஸானா வீட்டுக்கு வந்த அன்று தவமணி வேலைக்குப் போகவில்லை. கருவியைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தவளின் முன்னால் சீட்டுகளை விசிறிபோல் பரப்பி வைத்தாள்.

ஃபர்ஸானா ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது எப்படிக்கா உங்களுக்கு...?"

"நான்தான் அடிச்சேன். சொல்லு மேடம். கம்பி துருப்புடிச்சிக்கிச்சுன்னு சொன்னியே, அது பொய்யா?"

ஃபர்ஸானா கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பொய் இல்லக்கா. ஆபீஸுக்குன்னு கட்டின கட்டடம் வீட்டைவிட அதிகமாவே தாங்கும். உங்க வீட்டுத் தரை ஏழாயிரம் கிலோ தாங்குற மாதிரிதான் கட்டினாங்க. பழசாயிடுச்சுன்னு அதுல பாதிதான்னு வெச்சாங்க. அது நியாயமான கணக்கு. நான்தான் போட்டேன்."

"பாதின்னா மூவாயிரத்தி ஐந்நூறு. எனக்கு அறுநூத்தி நாப்பதுன்னு குடுத்தியே?"

"தரை வேற, தூணு வேறக்கா. மேல மூணு மாடித் தரையை மட்டும் இரும்பு போட்டுப் பலப்படுத்திட்டாங்க. ஆனா தூணும் அஸ்திவாரமும் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே? மொத்தமா அறுநூத்தி எழுபது டன் தாங்கும். மேல அதை ஏத்தினது போக என்ன மிஞ்சுதோ அதை நூத்தி நாப்பத்திநாலா வகுத்தாங்க."

"அப்ப இப்ப நான் அளவுக்கு மேல வெச்சா?"

"நிஜமாவே ஆபத்துதான். அதான் கொடுமை. சிவப்பு விளக்கு பொய் சொல்லலக்கா."

தவமணி அவளையே பார்த்தாள். "எங்களுக்குன்னு அரசாங்கம் குடுத்த கட்டடம். எங்க பங்குக் கிலோவை எடுத்து வேற ஒருத்தனுக்கு வித்துட்டு, மிச்சத்த எங்களுக்குப் பிச்சை போட்டீங்க. என் பொண்ணு சோறு துன்றத வுட்டுட்டா, தெரியுமா உனக்கு? பச்சப் புள்ள ஒரு கிலோ ஏறிச்சேன்னு நான் வயித்தெரிச்சல் பட்டேன். நான்! நீ மாசாமாசம் வந்து குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டுப் போனியே, ஒரு நாள் நிமிந்து என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும்னு தோணலியா?"

"எனக்கும் வீடு இருக்குக்கா. வேலை போச்சுன்னா..."

"உன் வூடு எத்தினி கிலோ?"

ஃபர்ஸானா கருவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த மாதம் சோதனைக்கு வேறொருவர் வந்தார். ஆனால் அதற்கு முன்பே, பேர் போடாத ஒரு தபாலில், கட்டடத்தின் பழைய வரைபடமும் அவள் போட்ட முதல் கணக்கும் தவமணிக்கு வந்திருந்தன.

ஒன்பதாம் மாடி முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு எல்லா மாடியும். நூற்று நாற்பத்து நான்கு குடும்பத்தின் கையெழுத்தோடு கட்டடப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு மனு போனது. இரண்டு மாதம் அலைந்த பிறகு விசாரணை நாள் வந்தது. அந்த இரண்டு மாதமும் தவமணி தினம் மதியம் சைக்கிளில் பள்ளிக்குப் போய், தராசுப் பிள்ளைகள் ஏழு பேரையும் வரிசையாக உட்கார வைத்துச் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றாள். அல்லிக்கு எடை ஏறியதற்கு ஈடாக ஃபிரிட்ஜ் போனது.

விசாரணையில் நிழற்கூட்டின் சார்பாக வந்தவர் பெயர் சந்தானகோபாலன். வெள்ளைச் சட்டை, அமைதியான குரல். நடுவராக இருந்த அம்மையாரிடம் மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, கட்டடத்தில் எடை கூடுதலாக இருக்கிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பொறியியலில் சுமை இரண்டு வகை. நிலைச்சுமை, இயங்குசுமை. சுவர், தூண் மாதிரி கட்டடத்தோடு சேர்ந்தது நிலைச்சுமை. வந்து போவது இயங்குசுமை. அந்த அடுக்குகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். ஆகவே அவை கட்டடத்தின் பகுதி. பாரம் மிகுந்தால் விதிப்படி முதலில் குறைக்க வேண்டியது இயங்குசுமையை."

"இயங்குசுமைன்னா இங்க யாரு?" என்று கேட்டார் நடுவர்.

"குடியிருப்பவர்கள்."

அந்தோணியம்மாள், "அடப்பாவி" என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை.

"மனுதாரர்கள் பயப்படுவது நியாயம்தான்" என்று தொடர்ந்தார் சந்தானகோபாலன். "வேண்டுமானால் இரண்டு மாடிக் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மற்றவர்களுக்குக் கொஞ்சம் எடை கூட்டித் தரத் தயாராக இருக்கிறோம்."

தவமணி எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"அம்மா, நான் எடைமேடையில வேலை பார்க்கிறவ. ஒரு வண்டி வந்தா ரெண்டு எடை போடுவோம். வண்டி எடை, சரக்கு எடை. எது வண்டி, எது சரக்குன்னு பத்தொம்போது வருஷமா எனக்குத் தெரியும். கயிறு போட்டுக் கட்டிட்டா சரக்கு வண்டியாயிடாது. இதோ முப்பத்தாறு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு. கட்டடம் கட்டி முப்பது வருஷம் ஆச்சு. போன மாசம் கட்டடம் லாரியில வருமா? லாரியில வந்ததுதான் சரக்கு. சரக்கத்தான் இறக்கணும். நாங்க சரக்கு இல்ல."

நடுவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. அடுக்குகளை அறுபது நாளுக்குள் அகற்ற வேண்டும். பொருத்தமான வேறு இடத்துக்கு நிறுவனம் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில் அன்று தவில் அடித்தார்கள். நாலாம் மாடிக்காரன் செய்யாற்றுக்கு அன்றே பஸ் ஏறினான்.

சரக்கு இறங்க இறங்க வாசல் திரைகளில் எண் ஏறியது. எண்ணூறு. ஆயிரத்து இருநூறு. இரண்டாயிரம். ஏகாம்பரம் பழைய மரக்கட்டில் ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தான், கோமளாவும் குழந்தையும் அதில் படுத்தார்கள். அந்தோணியம்மாள் தையல் மெஷின் வாங்கினாள். அல்லி ஒருநாள், "அம்மா, எனக்கு இன்னொரு தோசை" என்று தானாகக் கேட்டாள். தவமணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அறுபதாவது நாளுக்குச் சற்று முன்பு கடைசி லாரிகள் எடைமேடைக்கு வந்தன. அதே நீலக் கேபின், அதே டிரைவர். தவமணி எடையைப் பதிந்தாள். பதினாறு டன்.

"எங்கண்ணா எடுத்துக்கினு போற?"

"பெருங்குடி. அங்கயும் இவனுங்க கட்டடம் ஒண்ணு இருக்கு. பதினெட்டு மாடி. போன தையிலதான் இருநூறு குடும்பத்தக் கொண்டாந்து வெச்சானுங்க. மேல நாலு மாடி காலி."

சீட்டு அடித்து வந்தது. அவள் அதைக் கிழித்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

மாலையில் ஏகாம்பரத்திடம் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையைத் தொடையில் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம வூடு தப்பிச்சிது தவம். ஊருல இருக்கிறவனுக்கெல்லாம் நீயே ஓட முடியுமா? வுடு."

"உத்தரவு இன்னா சொல்லிச்சு? வேற இடத்துக்கு மாத்திக்கலாம்னு சொல்லிச்சு. அன்னிக்கு நாம தவுல் அடிச்சிக்கினு இருந்தோம். எந்த இடம்னு ஒருத்தன் கேக்கல. நானும் கேக்கல" என்றாள் தவமணி.

அடுத்த நாள் லீவு போட்டாள். தீர்ப்பாயத்து உத்தரவின் நகலையும் நேற்றைய சீட்டின் நகலையும் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பெருங்குடியில் இறங்கினாள். கட்டடத்தின் நெற்றியில் பழைய கம்பெனியின் எழுத்துகளைப் பெயர்த்த தழும்பு இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடி வரை மூச்சு வாங்க ஏறி, முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவள் வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். கையெல்லாம் சப்பாத்தி மாவு. உள்ளே தரையில் ஓர் ஆள் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யாருங்க?"

"அம்பத்தூர்லேர்ந்து வரேம்மா. எனக்கும் நிழற்கூடு வூடுதான். உங்க கட்டடத்தப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். உள்ள வந்து உக்காந்து சொல்லட்டுமா?"

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். தோளில் தொங்கிய பையையும் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க எத்தன கிலோ?"

"அம்பத்தெட்டு" என்றாள் தவமணி.

அந்தப் பெண் மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, ஒருத்தங்க வந்திருக்காங்க. கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க" என்றாள்.